நான் ஏன் சிபாரிசு செய்யவில்லை: மருமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகளே,

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்கா, உன் அம்மா, தொலைபேசியில் பேசினாள். நலம் விசாரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். "இத்தனை வருடமாக அந்த விமான நிறுவனத்தில் இருக்கிறாய். உனக்குத் தெரியாத ஆளா? பிள்ளைக்காக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாய்?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் நீ ஒருமுறைகூட என்னிடம் கேட்டதில்லை என்பது அன்று இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அதனால் பதிலை உனக்கே எழுதுகிறேன். உன்னைப் போல் விமானி உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் வைக்கிறேன்.

உன் நிலைமை எனக்குத் தெரியும். 200 மணி நேரம் பறந்து முடித்து, உரிமம் வாங்கி, பதினான்கு மாதம் ஆகிவிட்டது. ஊர் வீட்டின் மேல் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறது. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்கள், இண்டிகோ 500 விமானங்கள் என்று செய்தி வந்தபோது நம் வீட்டில் எல்லோரும் உனக்கு வேலை கிடைத்துவிட்டது போலவே மகிழ்ந்தோம். ஆர்டர் கொடுத்த விமானம் வந்து சேர வருடக்கணக்கில் ஆகும். வந்தாலும் முதலில் தேடுவது கேப்டன்களைத்தான். புது உரிமக்காரர்களின் வரிசை மெதுவாகத்தான் நகரும்.

எனக்கு உரிமம் வந்தது 2008-இல். எரிபொருள் விலை ஏறி, நிறுவனங்கள் ஆள் எடுப்பதை நிறுத்திய வருடம். மூன்று வருடம் சும்மா இருந்தேன். அக்காவுக்கு அது மறந்துவிட்டது.

அதற்கு முன், பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. ஒரு மாலை, பக்கவாட்டுக் காற்றில் செஸ்னா 172 பயிற்சி விமானத்தைத் தரையில் அடித்து இறக்கிவிட்டேன். பொழுது சாய்ந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை. பேசாமல் ஹேங்கருக்குள் தள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். கை நடுங்க, பழுதுப் பதிவேட்டில் எழுதிவிட்டு விடுதிக்குப் போனேன். மறுநாள் காலை பராமரிப்புப் பொறியாளர் சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, முன்சக்கரத் தண்டைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். துணி சிவப்பாக வந்தது. உள்ளிருந்த எண்ணெய் கசிந்திருந்தது. இரண்டு நாள் விமானம் நின்றது. நான்கு பேரின் பயிற்சி போயிற்று. ஒரு வாரம் ஒருவரும் என்னோடு பேசவில்லை.

2011-இல், வார இறுதிகளில் அந்தப் பயிற்சிப் பள்ளிக்கு வந்துபோகும் ஒரு கேப்டன் அந்தப் பொறியாளரிடம், காத்திருக்கும் பையன்களில் யார் தேறுவான் என்று கேட்டிருக்கிறார். "அடித்து இறக்கியதைத் தானாகவே எழுதிவைத்தவன் ஒருத்தன் இருக்கிறான்" என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கேப்டன் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை. கூப்பிட்டு, "ஆள் எடுக்கப்போகிறார்கள், உன் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் உயிரோடு இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார். வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி அது. காலாவதியாகியிருந்தது. ஓடிப்போய்ப் புதுப்பித்தேன். பிறகு எழுத்துத் தேர்வு, மனோதத்துவத் தேர்வு, சிமுலேட்டர், நேர்முகம் எல்லாம் மற்றவர்களைப் போலத்தான்.

நம் வீடுகளில் சிபாரிசு என்றால் செல்வாக்குள்ளவர் ஒருவர் சொல்லும் வார்த்தை. எனக்கு வாய்த்தது, நான் வேலை செய்வதைப் பார்த்த ஒருவர் சொன்ன வார்த்தை. உன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பறந்ததே இல்லை, கண்ணு. நீ ஆறு வயதில் பல் விழுந்த நாளும் தெரியும், பிளஸ் டூ மதிப்பெண்ணும் தெரியும். ஓடுபாதை முழுதாகத் தெரியாத மழையில் இறங்குவாயா, மேலே ஏற்றித் திரும்புவாயா என்று தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எப்படிச் சொல்வேன்?

இது வெறும் மானப் பிரச்சினை இல்லை. அதே 2011-இல்தான் நம் நாட்டில், முன்சக்கரம் முதலில் தரையைத் தொடும்படி ஒரு விமானம் தவறாக இறக்கப்பட்டதை ஒட்டி எழுந்த விசாரணையில், போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கியவர்கள் வெளிப்பட்டார்கள். 2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவில் பஃபலோ அருகே விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் கேப்டன் முன்பு பறக்கும் தேர்வுகளில் தோற்றிருந்தார்; வேலை விண்ணப்பத்தில் அதை முழுதாகச் சொல்லவில்லை. விமானிகளின் பழைய பதிவுகளை நிறுவனங்கள் பார்த்தே தீர வேண்டும் என்று அடுத்த வருடம் அங்கே சட்டம் வந்தது. உன் லாக்புக்கில் தோல்வி இருந்தால் நீயே முதலில் சொல்லிவிடு.

பணம் கட்டினால் இடம் உறுதி என்று யாரோ ஒருவர் உங்களிடம் பேசியிருப்பதாக அக்கா சொன்னாள். அந்த ஆளோடு பேச்சை இன்றே நிறுத்து. வேலைக் கடிதம் கையில் இல்லாமல் கைக்காசு போட்டு ஏர்பஸ் டைப் ரேட்டிங், அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி, எடுப்பதும் வேண்டாம். பறக்காமல் கிடந்தால் அந்தத் தகுதி மங்கிப்போகும், மறுபடி பணம் கேட்கும்.

ஏடிஆர் கிடைத்தால் தயங்காமல் ஏறு. சிறிய விமானம், ப்ரொப்பெல்லர் விமானம் என்று உன் தோழிகள் முகம் சுளிப்பார்கள். சேலம் மாதிரி ஊர்களுக்கு அதைத்தான் ஓட்டுகிறார்கள். ஒரு நாளில் பலமுறை ஏறி இறங்கும்போது கை பழகுவதைப் போல வேறு எதிலும் பழகாது. ஆனால் எங்கே சேர்ந்தாலும் யோசித்துச் சேர். சேர்ந்த தேதிதான் உன் மூப்பு. அதை வைத்துத்தான் கேப்டன் இருக்கை வரும். நிறுவனம் மாறினால் மூப்பு போய்விடும், துணை விமானி விலக ஆறு மாத முன்னறிவிப்பும் தர வேண்டும். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது இருபது வருட மூப்புள்ளவர்கள் புதிதாக விண்ணப்பம் எழுதியதையும் பார்த்தேன். அப்போது அவர்களுக்குக் கை கொடுத்தவர்கள் கூடப் பறந்தவர்கள்தான்.

எங்கள் நேர்முகக் குழுவில் சில சமயம் நானும் உட்காருகிறேன். உன் பெயர் வந்தால், என் அக்கா மகள் என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விடுவேன். "மாமா தயவில் வந்தவள்" என்று ஒருவரும் உன் காதுபட முணுமுணுக்கக் கூடாது. பெண்பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொல்ல ஆட்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள்.

உன் பயிற்சிப் பள்ளியில் உன்னைப் பார்த்தவர்களோடு தொடர்பை விட்டுவிடாதே. போய்ப் பார், ஏதாவது வேலை இருந்தால் கூட நின்று செய். அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன். உன் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் அடுத்த மாதம் முடிகிறதாமே? புதுப்பிக்கும் செலவு என்னுடையது. நாள் குறித்ததும் எழுது. முந்தின வாரம் இரண்டு மாலை வீட்டில் உட்கார்ந்து ஐஎல்எஸ் அணுகுமுறைகளை, அதாவது ஓடுபாதையிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞையைப் பிடித்து இறங்கும் முறைகளை, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா