‘நன்றாக கிரீஸ் அடிக்கவும்’ என்றால் எவ்வளவு?

ஆசிரியருக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலத்தை ஒட்டி உங்கள் நாளிதழில் படகு பராமரிப்பு பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. பெயின்ட், வலை, லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் சரியாகவே சொல்லியிருந்தார்கள். இன்ஜினுக்கு மட்டும் ஒரே வரி: “எல்லா கிரீஸ் நிப்பிள்களிலும் நன்றாக கிரீஸ் அடிக்கவும்.” நிப்பிள் என்றால் கிரீஸை உள்ளே செலுத்துகிற சின்ன வாய். அந்த வரியில் இருக்கிற ‘நன்றாக’தான் என்னை எழுத வைத்தது. போன திங்கட்கிழமை, சவாரிக்கு ஜெட் ஸ்கூட்டர் விடும் பையன் ஒருவன் இந்தக் கட்டுரையைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தான். ஸீட்டைக் கழற்றிப் பார்த்தால், ஷாப்ட் போகும் பேரிங்கைச் சுற்றி கிரீஸ் வழிந்து கிடக்கிறது. தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் வளையமான ஸீல் வெளியே பிதுங்கியிருக்கிறது. “பேப்பர்ல நல்லா அடிக்கச் சொல்லியிருந்துச்சு அண்ணே” என்றான்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். துபாயில் ஒன்பது வருஷம் ஜெட் படகுகளில் வேலை பார்த்தேன். ஜெட்டில் புரொப்பல்லர் வெளியே தெரியாது. உள்ளே ஒரு இம்பெல்லர் தண்ணீரை இழுத்துப் பின்னால் பீய்ச்சும். அது தண்ணீரைப் பின்னால் தள்ளத் தள்ள, ஷாப்ட் முன்னால் வரப் பார்க்கும். அந்தப் பாரம் முழுவதையும் முன்பக்கம் இருக்கிற ஒரு பேரிங்தான் தாங்குகிறது. அதற்கு ஒரு நிப்பிள் உண்டு. ஊரில் லாரிக்கு அடித்த பழக்கத்தில், புது கிரீஸ் வெளியே எட்டிப் பார்க்கும்வரை அழுத்தினேன். கையால் அடிக்கும் சாதாரண கிரீஸ் கன்கூட ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ அழுத்தம் கொடுக்கும். ரப்பர் ஸீல் அதற்கு எம்மாத்திரம்? இரண்டாம் நாள் பேரிங் சூடேறி இரைய ஆரம்பித்தது. ஸீலும் போய்விட்டதால் அடியில் தேங்கிய உப்புத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. மலையாளி போர்மேன் ஒருவர் அன்றைக்கு எனக்குச் சொன்னது ஒரே வார்த்தைதான்: “எண்ணி அடி.”

எண்ணுவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒவ்வொரு கன்னும் ஒவ்வொரு அளவு தள்ளும். கன்னைப் பத்து தடவை அழுத்தி, வருகிற கிரீஸை ஒரு காகிதத்தில் பிடித்து, மளிகைக்கடைத் தராசில் எடை போட்டு, பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். அதுதான் ஓர் அடியின் அளவு. இன்ஜினோடு வந்த புத்தகத்தில் அந்தப் பேரிங்குக்கு எவ்வளவு என்று போட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு அடிகூட வேண்டாம்.

சரி, இதைப் படித்துவிட்டு அவுட்போர்டுக்காரர்கள், அதாவது வள்ளத்தின் பின்பக்கம் வெளியே இன்ஜினை மாட்டி ஓட்டுகிறவர்கள், கஞ்சத்தனம் பண்ணிவிடக் கூடாது. அங்கே கதை நேர் தலைகீழ். இன்ஜின் இடமும் வலமும் திரும்புகிற ஸ்விவல் பிராக்கெட், தூக்கி இறக்குகிற டில்ட் டியூப், இந்த இரண்டிலும் பழைய கறுப்பு கிரீஸும் உப்புத் தண்ணீரும் வெளியேறி, புதுசு சுத்தமாக எட்டிப் பார்க்கும்வரை அடித்தே ஆக வேண்டும். அடிக்கும்போதே இன்ஜினை இரண்டு மூன்று தடவை திருப்பி, தூக்கி இறக்க வேண்டும்.

என் மச்சினன் இதைச் செய்யவில்லை. ஆடி மாதம், குளச்சலுக்கு மேற்கே, அலை அடித்துக்கொண்டிருந்த நேரம். வள்ளம் கரை ஏறும்போது மணல் தட்டுவதற்கு ஒரு நொடி முன்னால் இன்ஜினைத் தூக்க வேண்டும் இல்லையா? தூக்கினான். அசையவில்லை. டியூப் உப்பில் இறுகியிருந்தது. கியர் கேஸின் அடித்தகடு மணலில் குத்தி ஒடிந்தது, வள்ளம் குறுக்கே திரும்பியது, அடுத்த அலை உள்ளே ஏறியது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாதா புண்ணியம். அந்த டியூபைக் கழற்ற மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, சூடுகாட்டி, சுத்தியலால் தட்டி ஒன்றரை நாள் போராடினேன். நிப்பிளைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அதன் மேல் நீல பெயின்ட் இரண்டு கோட்! போன கிறிஸ்துமஸுக்கு வள்ளத்துக்கு அடிக்கும்போது இன்ஜின் பிராக்கெட்டுக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள். கிரீஸ் அடித்ததாக அவன் சத்தியம் செய்தான். அடித்திருப்பான். கன்னின் வாயோரமாக அது வழிந்ததைத் துணியால் துடைத்துவிட்டுப் போயிருப்பான். நிப்பிளுக்குள் ஒரு சின்ன குண்டு ஸ்பிரிங்கில் நிற்கிறது. ஆணி முனையால் அமுக்கினால் அது உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுங்கள், சில ரூபாய்தான்.

கிரீஸ் நிறத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். பச்சையும் நீலமும் வெறும் சாயம். சோடியம் வகை கிரீஸ் தண்ணீர் பட்டால் கரைந்துவிடும், கடலுக்கு ஆகாது. மரைன் கிரீஸ் என்று கேட்டு வாங்கி, கடைசிவரை அதையே போடுங்கள். இரண்டு வகையைக் கலந்தால் சில நேரம் கூழாகி ஓடிவிடுகிறது.

இன்னொன்று. குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். எங்கள் ஃபைபர் வள்ளங்களுக்கு அந்த லீவு கிடையாது. அதனால் ‘தடைக்காலத்தில் பராமரிப்பு’ என்று எழுதினால், அது தங்களுக்கு இல்லை என்று எங்கள் ஆட்கள் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார்கள். கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில், இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கன்னைக் கையில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆடி பிறக்கும் முன் அந்த வரியைத் திருத்தி ஒரு மூலையிலாவது போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸீல் உள்ள பேரிங்குக்கு எண்ணி, திரும்புகிற டியூபுக்குப் புதுசு வரும்வரை. இவ்வளவு எழுதினால் போதும்.

இப்படிக்கு,
ஓர் அவுட்போர்டு மெக்கானிக்,
குமரி மாவட்டம்.