சுங்குவார்சத்திரத்தில் செய்த போனுக்குக் காரைக்குடியில் பேட்டரி கிடைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செட்டிநாட்டில் ஐபோன் இப்போது அபூர்வப் பொருள் அல்ல. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கொண்டுவருவது ஒரு பக்கம். மாதத் தவணையில் எடுப்பது இன்னொரு பக்கம். மற்றவர் விற்ற பழைய போனை வாங்கிக்கொள்வதுதான் இவை இரண்டையும்விட அதிகம். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இந்தப் போன்களைத் திறந்து வேலை பார்க்கிற எங்களுக்கு, இந்தப் பொருளின் மேல் மதிப்பு உண்டு. இதைச் செய்கிற ஆப்பிள் நிறுவனத்தின் மேல் மனக்குறையும் உண்டு. வாங்குகிறவர்களுக்கு இரண்டுமே தெரிந்திருக்க வேண்டும்.

மதிப்புக்குக் காரணம், இந்தப் போன் உழைக்கிறது. 2015இல் வந்த 6எஸ் மாடலுக்கு 2021இல் வந்த ஐஓஎஸ் 15 மென்பொருள் வரை கிடைத்தது. 2018இல் வந்த எக்ஸ்ஆர் மாடலுக்கு 2024இன் ஐஓஎஸ் 18 கிடைத்தது. ஆறு வருடம் ஒரு போனுக்குப் புது மென்பொருள் கொடுப்பதை அந்தக் காலத்தில் வேறு கம்பெனிகளிடம் எதிர்பார்க்கவே முடியாது. பெருமைக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் 2019இல் எக்ஸ்ஆர் தொடங்கி, 2020இல் 11, 2022இல் 14 என்று நம் மாநிலத்துப் பெண்கள் கையால்தான் இவை தயாராகின்றன. அதே பெண்கள் 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய்ப் பலர் மருத்துவமனைக்குப் போன பிறகு, நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்ததையும் மறக்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் அந்த ஆலையைக் கண்காணிப்பில் வைப்பதாக ஆப்பிள் அறிவித்தது.

மனக்குறை பேட்டரியில் ஆரம்பிக்கிறது. 14 வரிசை வரையிலான ஐபோன்களின் பேட்டரி, 500 முழுச் சுற்றுகளுக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்கும்படி செய்யப்பட்டது என்று கம்பெனியே சொல்கிறது. 15 வரிசை முதல் அது 1,000 சுற்று. ஒரு சுற்று என்பது ஒரு தடவை ஒயரைச் செருகுவது அல்ல. இன்று 60, நாளை 40 என்று மொத்தம் 100 சதவீதம் செலவானால் ஒரு சுற்று. நாளுக்கு ஒரு சுற்று ஓடுகிற போனில் 500 சுற்று ஒன்றரை வருடத்துக்குள் முடிந்துவிடும். உத்தரவாதமோ ஒரு வருடம்தான். அதிலும் தேய்மானம் சேராது. ஆக, வாங்கிய இரண்டாம் வருடத்தில் பேட்டரிச் செலவு வரும் என்பதை விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். செட்டிங்ஸில் பேட்டரி, அதில் பேட்டரி ஹெல்த் என்று போய்ப் பார்த்தால் சதவீதம் தெரியும். 80க்குக் கீழே வந்து, சர்வீஸ் என்ற வார்த்தையும் வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது.

நம் ஊர் வெயிலுக்கு இது இன்னும் வேகமாக நடக்கிறது. சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் இதைப் பயன்படுத்த வேண்டும் என்பது கம்பெனியின் கணக்கு. சித்திரை, வைகாசியில் காரைக்குடிப் பகல் அதைத் தாண்டிவிடும். தகரக் கொட்டகைக்குள்ளும் கார் டேஷ்போர்டிலும் கேட்கவே வேண்டாம். சார்ஜ் ஏறாமல் நின்று, சூடு தணிந்ததும் தொடரும் என்று திரையில் செய்தி வந்தால் அது பழுதல்ல. பேட்டரியைக் காப்பாற்ற நிறுத்திவைத்திருக்கிறது. உறையைக் கழற்றி, நிழலில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் கொஞ்ச நேரம் வைத்தால் போதும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால் உள்ளே ஈரம் கட்டும். 15 மாடலும் அதற்குப் பிறகு வந்தவையும் வைத்திருப்பவர்கள் சார்ஜ் வரம்பை 80இல் நிறுத்திவைக்கலாம். இரவு முழுக்கச் சொருகி வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது மிகவும் உதவும்.

திரை ஓரமாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறது என்றால் பேட்டரி உப்பிவிட்டது. அதை அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். சார்ஜ் போடாமல், அணைத்துக் கொண்டுவாருங்கள். திறப்பதற்கு முன் சார்ஜ் 25 சதவீதத்துக்குக் கீழே இருப்பது எங்களுக்கும் பாதுகாப்பு. பேட்டரியை ஒட்டியிருக்கும் இழுபசைப் பட்டை பாதியில் அறுந்தால், அவசரக்காரர் இரும்புத் தகட்டால் நெம்புவார். பேட்டரிக்குள் இருக்கும் செல் ஓட்டையானால் நெருப்பு. ஐசோபுரொபைல் ஆல்கஹால் நாலு சொட்டு விட்டு, இரண்டு நிமிடம் ஊறவைத்து, பிளாஸ்டிக் அட்டையால் மெல்லத் தூக்குவதுதான் முறை. 16 மாடலில் 9 வோல்ட் மின்சாரத்தை ஒன்றரை நிமிடம் கொடுத்தால் பசை தானாக விட்டுவிடுகிறது. நல்ல யோசனை. ஐந்தாறு வருடம் முன்பே வந்திருக்கலாம்.

எங்கள் பெரிய வருத்தம் இனிமேல்தான். 2018இன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் முதல் பேட்டரிக்கும், 11 முதல் திரைக்கும், 12 முதல் கேமராவுக்கும் ஒவ்வொரு பாகமும் அந்தந்தப் போனின் மெயின் போர்டோடு வரிசை எண்ணால் இணைக்கப்பட்டிருக்கிறது. பாகத்தை மாற்றினால் அடையாளம் தெரியாத பாகம் என்று போன் அறிவிக்கிறது. இரண்டு அசல் ஐபோன்களை அருகருகே வைத்து ஒன்றின் திரையை மற்றொன்றில் மாட்டினாலும் பல மாடல்களில் அந்தச் செய்தி வரும். சுற்றுப்புற வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் வசதியும், ஐஓஎஸ் 18க்கு முந்தைய மென்பொருளில் போய்விடும். முகம் பார்த்துப் போனைத் திறக்கும் ஃபேஸ் ஐடியின் புள்ளிகளை வீசும் பாகத்தை மாற்றினால், பல மாடல்களில் ஃபேஸ் ஐடி வேலையே செய்யாது. பாதுகாப்பு கருதி ஃபேஸ் ஐடியைப் பூட்டிவைப்பதை நாங்கள் ஏற்கிறோம். பேட்டரியைப் பூட்டிவைப்பதில் என்ன பாதுகாப்பு?

இந்தப் பூட்டுதான் ஆபத்தான கைவேலைக்கு வழி விடுகிறது. எச்சரிக்கை வரக் கூடாது என்று வாடிக்கையாளர் கேட்பதால், பழைய பேட்டரியின் தலையில் இருக்கும் பிஎம்எஸ் என்ற சின்ன போர்டை வெட்டி எடுத்து, புதிய செல்லில் ஸ்பாட் வெல்டிங் வைத்து ஒட்டுகிறார்கள். வெட்டும்போது இரண்டு நிக்கல் பட்டைகளும் உரசினால் அங்கேயே ஷார்ட். ஒட்டி முடிந்தாலும் அந்த போர்டுக்குள் பழைய செல்லின் கணக்குத்தான் இருக்கும். அதனால்தான் 100 சதவீதம் ஆரோக்கியம் என்று காட்டிய போன் 25 சதவீதத்தில் பொட்டென்று அணைகிறது. எச்சரிக்கைச் செய்தி வந்தாலும் பரவாயில்லை, பிஎம்எஸ்ஸோடு வரும் முழுப் பேட்டரியையே போடுங்கள் என்று கடையில் கேளுங்கள்.

திரையிலும் விஷயம் தெரிந்து பேசுங்கள். எக்ஸ், எக்ஸ்எஸ், 12 போன்ற, பின்விளக்கு இல்லாமல் புள்ளிகள் தாமே ஒளிரும் ஓலெட் திரை மாடல்களுக்குச் சந்தையில் மூன்று விதமான காப்பி வருகிறது. விலை குறைந்தது இன்செல், அதாவது எல்சிடி. பின்னால் எப்போதும் விளக்கு எரிவதால் சார்ஜ் அதிகம் இழுக்கும். தடிமன் கூடுதல் என்பதால் ஃபிரேமில் சரியாக உட்காராது. ஹார்ட் ஓலெட் கண்ணாடி அடித்தளத்தில் செய்தது, கீழே விழுந்தால் சீக்கிரம் போகும். சாஃப்ட் ஓலெட் அசலுக்கு அருகில் வரும், விலையும் கூடும். எதைப் போடுகிறார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று: உள்ளே ஸ்க்ரூக்கள் ஒரே அளவில் இருக்காது. ஐபோன் 6இன் திரைத் தகட்டில் மட்டும் 1.2, 1.7, 3.1 மில்லிமீட்டர் என்று மூன்று நீளம். 1.2 போக வேண்டிய துளையில் 1.7 இறங்கினால் போர்டின் உள்தடத்தைத் துளைத்துவிடும். பிறகு அந்தப் பகுதிக்கு உயிர் கொடுப்பது கஷ்டம். ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் கொட்டிவைத்து வேலை பார்க்கும் மேஜையில் உங்கள் போனைக் கொடுக்காதீர்கள்.

பைக்கில் போன் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் அதிர்வு, கேமராவில் ஆட்டத்தைச் சமன்செய்யும் அமைப்பைக் கெடுக்கும் என்று 2021இல் ஆப்பிளே எச்சரித்தது. கேமராவைத் திறந்ததும் படம் நடுங்கி, உள்ளே கிர்ர் என்று சத்தம் வந்தால் காரணம் இதுதான். தண்ணீர் விஷயத்திலும் விளம்பரத்தை நம்பி ஊருணியில் குதிக்காதீர்கள். நீர் தடுப்புப் பசை வருடங்கள் ஆக ஆகத் தளரும், ஒரு தடவை திறந்த போனில் புதுப் பசை போடாவிட்டால் தடுப்பே கிடையாது. நீர் புகுந்த பழுது உத்தரவாதத்திலும் வராது. சிம் ட்ரே துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும் ஈரங்காட்டிப் பட்டை சிவந்திருந்தால் நீர் புகுந்தது உறுதி.

வெளிநாட்டிலிருந்து வாங்கிவரச் சொல்வதற்கு முன் யோசியுங்கள். ஐபோன் உத்தரவாதத்தை விற்ற நாட்டுக்குள் மட்டும் என்று கட்டுப்படுத்தக் கம்பெனிக்கு உரிமை உண்டென்று உத்தரவாதத் தாளிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் விற்கும் 14 முதலான மாடல்களில் சிம் போடும் இடமே கிடையாது. 17 வரிசையில் துபாய், சவூதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன் போன்களும் அப்படித்தான், இ-சிம் மட்டும். பழைய போன் வாங்கும்போது செட்டிங்ஸில் ஜெனரல், அபவுட் என்று போய் மாடல் எண்ணைப் பாருங்கள். முதல் எழுத்து எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் புதுப்பித்து விற்றது, என் என்றால் சர்வீஸில் மாற்றிக் கொடுத்தது. அதே பக்கத்தில் எந்தப் பாகம் மாறியிருக்கிறது என்ற விவரமும் வரும். விற்கிறவரைத் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்முன்னே வெளியேறச் சொல்லி, போனை முழுக்க அழித்து, முதல் திரை வரை வந்த பிறகே பணம் கொடுங்கள். *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க எண்ணை, கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 14422க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பினால், முடக்கப்பட்ட போனா என்பது தெரிந்துவிடும்.

குரல் எழுப்பிக் கேட்டால் இந்தக் கம்பெனி மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பேட்டரி தளர்ந்த பழைய போன்களைச் சொல்லாமலேயே வேகம் குறைத்தது 2017இல் வெளிவந்தது. உலகம் முழுக்க வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள், கம்பெனி மன்னிப்புக் கேட்டது, பிரான்ஸ் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. இன்று நாம் பார்க்கும் பேட்டரி ஹெல்த் பக்கம் 2018இல் அந்தக் கோபத்தால்தான் வந்தது. 13 மாடலில் வெளிக்கடையில் திரை மாற்றினால் ஃபேஸ் ஐடி நின்றுபோனது. பழுதுநீக்குகிறவர்கள் சத்தம் போட்டதும் 2021 கடைசியில் ஐஓஎஸ் 15.2இல் சரிசெய்தார்கள். ஐரோப்பா சட்டம் போட்டது, 15 மாடலில் டைப்-சி வந்தது. ஐஓஎஸ் 18 முதல் சில மாடல்களில், பழைய ஐபோனிலிருந்து எடுத்த அசல் பாகத்தைப் போனே ஏற்றுக்கொள்ள வழி வந்திருக்கிறது; திருட்டுப் போனிலிருந்து எடுத்ததென்றால் ஏற்காது. இது முழுக்க நியாயமான ஏற்பாடு.

நம் பக்கத்திலிருந்து அப்படி ஒரு குரல் எழவில்லை. அசல் பேட்டரிக்காக நம் மக்கள் 90 கிலோமீட்டர் தள்ளி மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறார்கள். லித்தியம் பேட்டரி ஆராய்ச்சி நடக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953 முதல் இதே காரைக்குடியில் இருக்கிறது. போனைச் செய்வது நம் மாநிலம், பேட்டரியை ஆராய்வது நம் ஊர், ஆனால் அசல் பேட்டரி ஒன்றை இங்கே ஒரு சாதாரணக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குவது எளிதல்ல.

பழுதுநீக்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 ஜூலையில் குழு அமைத்தது. பொருள்களுக்குப் பழுதுநீக்கக் குறியீடு தருவது பற்றிய அறிக்கையும் 2025இல் வந்துவிட்டது. அதைக் கைப்பேசிகளுக்குக் கட்டாயமாக்க வேண்டும். அமெரிக்காவில் 2022இல் தொடங்கியதுபோல அசல் பாகத்தையும் கருவியையும் கையேட்டையும் யார் வேண்டுமானாலும் வாங்கும் வசதியை ஆப்பிள் இங்கேயும் தர வேண்டும். அதற்கு முன், குறைந்தபட்சம் பேட்டரியையாவது போர்டோடு பூட்டிவைப்பதை நிறுத்த வேண்டும். சேவையில் குறை கண்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம், அல்லது தாங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, நம் பகுதிக்குச் சிவகங்கையிலோ புதுக்கோட்டையிலோ, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. போனை ஒப்படைக்கும்போது அதன் 15 இலக்க எண்ணும் வெளித்தோற்றத்தின் நிலையும் எழுதிய ஜாப் ஷீட்டைக் கேட்டு வாங்கி வைத்திருங்கள். மனுவோடு இணைக்க அது வேண்டும்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுநீக்குவோர் சிலர்,
காரைக்குடி, தேவகோட்டை.