நச்சுக் கழிவுக்கு விலைப்பட்டியலில் தனிச் செலவினம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் கட்டுமானக் கழிவில் ஏறத்தாழ 99 விழுக்காடு மறுபயனீட்டுக்குச் செல்வதைப் பெருமையுடன் குறிப்பிடுகிறோம். அந்த எடையில் பெரும்பகுதி உடைத்த கான்கிரீட்டும் இரும்பும்தான். சாலை, பாலப் பணிகளில் எடை குறைவாகவும் கேடு அதிகமாகவும் உள்ளவை வேறு: கழித்த இயந்திர எண்ணெய், எபோக்சிப் பிசின் மிச்சம், தின்னரில் தோய்ந்த துணி, பழைய இரும்புப் பாலங்களிலிருந்து அகற்றும் ஈயச் சாயம். அதிலும் சாயத்தை அழுத்தக் காற்றால் துகள் வீசி அகற்றும்போது அந்தத் துகளும் சாயத்தோடு கலந்துவிடுவதால், சிறிதளவு சாயம் பல மடங்கு கழிவாகப் பெருகிவிடுகிறது.

இதற்கான சட்டத்தில் குறையில்லை. 1988ஆம் ஆண்டின் நச்சுத் தொழிற்கழிவு விதிமுறைகளின்படி, பட்டியலில் உள்ள கழிவை உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும். அது போய்ச் சேர்ந்ததற்கு ஆவணமும் வேண்டும். ஆக, பீப்பாய் லாரியில் ஏறிய பிறகு கண்காணிப்பு இருக்கிறது. ஏறுவதற்கு முன்புதான் ஓட்டை.

பணியிடத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களுக்கு அடியில் வைக்கும் கசிவுத் தட்டுக்குக் கூரை இல்லையென்றால், ஒரு மாலை மழையிலேயே அது நிரம்பி, மேலே பலநிறப் படலம் மிதக்கும். தட்டின் அடைப்பானைத் திறந்து அந்த நீரை வடிகாலில் விட ஒரு நிமிடம் போதும். முறைப்படி அகற்றுவதற்கோ ஒரு லாரிக் கட்டணம். நம் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால், சாலையோர வடிகாலில் இறங்குவது பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்கே போகும். வடிகாலில் விடும் சேற்று நீரில் மண்துகள் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என வரம்பு இருக்கிறது, அதைக் கண்காணிக்கக் கேமராவும் இருக்கிறது. மெல்லிய எண்ணெய்ப் படலம் கேமராவில் எங்கே தெரியப்போகிறது?

இதற்குத் தொழிலாளியைக் குறைசொல்வது எளிது. ஆனால் ‘கழிவகற்றல் உட்பட’ என்று துணைக் குத்தகையாளரிடம் மொத்த விலை பேசிவிட்டால், முறையாக அனுப்பும் ஒவ்வொரு பீப்பாயும் அவருடைய லாபத்தில்தான் கை வைக்கும். எனவே, நிலப் போக்குவரத்து ஆணையம் போன்ற அமைப்புகள் தங்கள் குத்தகை விலைப்பட்டியலில் நச்சுக் கழிவைத் தனிச் செலவினமாகச் சேர்த்து, உண்மையான அளவுக்கேற்பப் பணம் வழங்கலாம். அளவைக் கூட்டிக் காட்டுவார்களே என்ற ஐயம் நியாயமானது; கழிவைப் பெறும் ஆலையின் எடைச் சீட்டைப் பார்த்தே பணம் என்று வைத்துவிட்டால் அதற்கு அதிகம் இடமிருக்காது.

பீப்பாய்களின் ஒட்டுச்சீட்டில் ஆங்கிலத்தோடு தமிழும் வங்காளமும் இடம்பெற வேண்டும். காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’ என்ற பாதுகாப்புக் கூட்டத்தில் தலைக்கவசத்தை நினைவூட்டும் மேற்பார்வையாளர்கள், எந்தத் துணி எந்தப் பீப்பாய்க்கு என்பதையும் ஊழியர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லுமாறு குத்தகை நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கட்டுமானத் துறை வாசகர்,
ஈசூன்