மார்கழியில் புதர் வெட்ட வேண்டாம்

நகராட்சிப் பூங்காக்களையும் சாலையோரங்களையும் பராமரிக்கும் அலுவலர்களுக்கும் ஒப்பந்தக்காரர்களுக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த கையோடு, ‘புதர் மண்டிவிட்டது’ என்று வெட்ட ஆள் அனுப்புகிறீர்கள். ஆவாரையும் செம்முள்ளியும் சிறுபீளையும் பூத்து நிற்கும் நேரம் அது. கொங்குப் பக்கம் பொங்கல் காப்புக்கு அதே ஆவாரம்பூவையும் பீளையையும் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்! வெட்டுவதை மார்ச்சுக்குத் தள்ளிப்போடுங்கள். காய் முற்றி விதை விழுந்திருக்கும். அப்போதும் தரையோடு சீவாமல் முழங்கால் உயரம் விடுங்கள்.

புதிதாக ஆவாரை வைப்பதென்றால் பைக்கன்று வாங்காதீர்கள். அதன் ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுவிடும். நட்ட பிறகும் ஆழம் போகாமல் முதல் கோடையிலேயே செடி காய்ந்துவிடலாம். விதையை நேராக ஊன்றுவதே நல்லது. பழுப்பேறிய நெற்றுகளை உடைத்து, வண்டு துளைத்த விதைகளைக் கழித்துவிடுங்கள். மீதியிலும் தோல் கெட்டி. அப்படியே போட்டால் பெரும்பாலும் முளைக்காது. உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து ஓர் இரவு ஊறவையுங்கள். உப்பிய விதை தயார், உப்பாததை மறுபடி தேய்க்க வேண்டும். அக்டோபரில் முதல் நல்ல மழைக்குப் பின் குழிக்கு 3 விதை, 1 செ.மீ. ஆழம், 4 அடி இடைவெளி. எரு தேவையில்லை. தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது, நாற்று அழுகிவிடும்.

மஞ்சள் பூதானே என்று, காட்டை ஆக்கிரமிக்கும் அயல்நாட்டு மரமான மஞ்சள் கொன்றையை வைத்துவிடாதீர்கள். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் வனத்துறை படாத பாடுபட்டு அகற்றுவது அதைத்தான்.

ஆவாரை மட்டும் போதாது. அந்தப் பூவில் தேன் இல்லை, மகரந்தம்தான். அதுவும் மகரந்தப்பையின் நுனித் துளை வழியாகத்தான் உதிரும். கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்க்கும்; தேன்கூடு கட்டும் தேனீக்களுக்கு அந்த வித்தை தெரியாது. ஆகவே தேனுக்குச் செம்முள்ளியைக் கலந்து வையுங்கள். ஒரு சாண் குச்சியில் இரண்டு கணு மண்ணுக்குள் போனால் வேர்விடும். முள் உண்டு, சிறுவர் விளையாடும் பக்கம் வேண்டாம்.

ஆவாரை இலை ஓட்டையாக இருக்கிறது என்று மருந்தடிக்காதீர்கள். வெளிர்நிறப் பட்டாம்பூச்சிகளின் புழு தின்ற ஓட்டை அது. செடி மறுபடி துளிர்க்கும். கருவண்டு காய்ந்த மரத்தைக் குடைந்து கூடு கட்டும், நீலவரித் தேனீ மண்ணில் வளை தோண்டும். பட்ட கிளை ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். செடியைச் சுற்றி பேவர் பிளாக் பதிக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் ‘மாதம் ஒருமுறை புதர் வெட்டுதல்’ என்று வரி இருந்தால், அக்டோபர் முதல் பிப்ரவரி வரை அது பொருந்தாது என்று அடுத்த டெண்டரிலேயே சேர்த்துவிடுங்கள். வெட்டுகிறவருக்கு எழுத்தில் இருப்பதுதான் கணக்கு.

இப்படிக்கு,
நாட்டுச் செடி வளர்ப்போர்