பந்தை வெட்டிவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் அமெரிக்க விளையாட்டு வீரர் ஜிம் தார்ப் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. என் குறை அதற்கு மேலே போட்டிருந்த படத்தைப் பற்றியது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணி, தார்ப் ஆடிய அணி, 1911-ஆம் ஆண்டு எடுத்துக்கொண்ட குரூப் போட்டோ அது. முகங்கள் பெரிதாகத் தெரியட்டும் என்றோ, இடம் போதாமலோ, கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டீர்கள். முழங்கால்கள் மட்டும் போயிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. பந்தும் சேர்ந்து போய்விட்டது.

நாற்பது வருஷம் ஸ்டூடியோ நடத்தியவன் நான். அந்தக் காலத்து அமெரிக்கக் கல்லூரி அணிப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவன். அவற்றில் பந்து அழகுக்காக வைக்கப்பட்டதல்ல. நடுவில் உட்கார்ந்திருப்பவர் கையிலோ மடியிலோ அது இருக்கும். தோலின் மேல் பெயிண்டால் ஆண்டை எழுதியிருப்பார்கள். சட்டையில் எண் போடும் வழக்கம் பரவாத காலம். படத்தின் பின்பக்கம் யாரும் ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால், அது எந்த ஆண்டு அணி என்று சொல்ல அந்தப் பந்தை விட்டால் வேறு சாட்சி கிடையாது. பெரிய வெற்றி என்றால் புள்ளிக் கணக்கும் ஏறிவிடும். கார்லைல் பந்தில் இருப்பது இதுதான்: ‘1911, இந்தியன்ஸ் 18, ஹார்வர்ட் 15’. (இந்தியன்ஸ் என்றதும் நம்மவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம், அமெரிக்கப் பூர்வகுடி மாணவர்கள்.)

அந்த 18 எப்படி வந்தது என்பதைக் கட்டுரையும் சொல்லவில்லை. காலில் கட்டுடன் ஆடிய தார்ப் உதைத்த நான்கு ஃபீல்டு கோல்கள் (பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்புவது), தலா 3 புள்ளி. மிச்சம் ஒரு டச்டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது) அதையடுத்த உதையில் கிடைக்கும் கூடுதல் புள்ளி ஒன்றும். இன்று டச்டவுனுக்கு 6, அன்று 5.

அப்புறம் வண்ணம். கறுத்துத் தெரிந்த சட்டைகளுக்கு யாரோ கணினியில் நீலம் பூசியிருக்கிறார்கள். கார்லைலின் நிறம் சிவப்பும் பொன்னிறமும். அக்காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகடுகளுக்குச் சிவப்பு கண் தெரியாது. சிவப்புச் சட்டை கறுப்பாகத்தான் விழும். நீலமோ வெளுத்துப்போகும். இது தெரியாமல் சாயம் பூசினால் எதிர் அணிக்காரனாக ஆக்கிவிடுவோம். கறுப்பு வெள்ளையை அப்படியே விட்டிருக்கலாம்.

இந்தப் பள்ளியின் விஷயத்தில் இது இன்னும் உறுத்துகிறது. 1879-இல் பழைய ராணுவக் குடியிருப்பில் தொடங்கிய கார்லைல், பூர்வகுடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, உடையை மாற்றி, சொந்த மொழி பேசக் கூடாதென்று வைத்திருந்த இடம். ஜான் சோட் என்ற உள்ளூர்ப் புகைப்படக்காரர் அவர்களை வந்தபோது ஒரு படம், சில காலம் கழித்து ஒரு படம் என்று எடுத்தார். ‘எப்படி இருந்தவர்களை எப்படி மாற்றிவிட்டோம் பாருங்கள்’ என்று காட்டுவதற்கு அந்த ஜோடிப் படங்கள் பயன்பட்டன. தொழில்காரன் என்ற முறையில் சொல்கிறேன், வேலை சுத்தமாக இருக்கும். பார்க்கத்தான் மனசு கேட்காது. அந்த வரிசையில் வந்த பிள்ளைகளுக்கு அடுத்த தலைமுறை, ஹார்வர்டை அதன் சொந்த மைதானத்தில் தோற்கடித்துவிட்டு, கணக்கைப் பந்தில் எழுதி நடுவில் வைத்துக்கொண்டு கேமரா முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடத்தில்தான் உங்கள் கத்திரி விழுந்திருக்கிறது.

இன்னொன்று, தலைப்பில் வெறுமனே ‘கால்பந்து வீரர்கள்’ என்று போட்டதால் என் பேரன் கோல்கீப்பர் யார் என்று கேட்டான். ‘அமெரிக்கக் கால்பந்து’ என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும்.

அடுத்த இதழில், தபால்தலை அளவுக்கு இருந்தாலும் சரி, முழுப் படத்தையும் சாயம் இல்லாமல் ஒருமுறை போடுங்கள்.

– ஓய்வுபெற்ற புகைப்படக்காரர் ஒருவர்,
கும்பகோணம்