முண்டு விதையை விட்டுவிடாதீர்கள், அப்பா

லாஸ் குரூசஸ், நியூ மெக்சிகோ
ஆவணி 25

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? தைலம் தீர்ந்திருந்தால் அண்ணனை வாங்கி வரச் சொல்லுங்கள்.

இந்த ஐப்பசியில் மேலச்செய்யில் நம் குண்டு மிளகாயான முண்டு விதைக்கப் போவதில்லை, முழுக்க முழுக்கக் கடை விதை வாங்கி நீட்டு மிளகாயான சம்பாதான் போடப்போகிறீர்கள் என்று அண்ணன் சொன்னார். முண்டுக்கு விலை நிற்பதில்லை, பழம் எடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று நீங்கள் வருத்தப்பட்டதாகவும் சொன்னார். போனில் நான் இந்தப் பேச்சை எடுத்தால் "சரிம்மா, பார்ப்போம்" என்று அம்மாவிடம் கொடுத்துவிடுவீர்கள். கடிதம் என்றால் கடைசி வரி வரைக்கும் படிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இருப்பது மிளகாய் ஊர் என்று உங்களுக்குத் தெரியும். எப்படிப்பட்ட ஊர் என்று விவரமாகச் சொன்னதில்லை. சுற்றிலும் பாலைநிலம், கிழக்கே மொட்டைப் பாறையாக ஆர்கன் மலை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைக் கூட்டினாலும் 250 மில்லிமீட்டர் தேறாது. நம் ராமநாதபுரத்துக்கு இதைப்போல மூன்று மடங்கு கிடைக்கிறது. ஊரை ஒட்டி ரியோ கிராண்டே ஆறு போகிறது. ஆண்டில் பல மாதம் அதில் வெறும் மணல்தான். வடக்கே எலிஃபன்ட் பியூட் என்ற அணை இருக்கிறது, 1916இல் கட்டி முடித்தது. அங்கே திறந்துவிட்டால்தான் இங்கே வாய்க்காலில் தண்ணீர். பரமக்குடிப் பாலத்தில் நின்று வைகை வருகிறதா என்று பார்த்தவள் நான். இந்த ஊர் விவசாயிகள் தண்ணீர் திறக்கும் நாளைப் பற்றிப் பேசும்போது எனக்கு எதுவும் புதிதாகத் தோன்றுவதில்லை.

இந்த மண்ணில்தான் இவர்கள் பல தலைமுறையாக மிளகாய் போடுகிறார்கள். வடக்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணத்தில் ஹேட்ச் என்ற சிற்றூர் வரும். அந்தப் பேரைச் சொன்னால் அமெரிக்கா முழுவதும் மிளகாய்தான் ஞாபகம் வரும். இந்த மாநிலத்தில் காரின் நம்பர் பலகையில்கூட மிளகாய்ப் படம் போட்டுக்கொள்ளலாம். எந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது, "சிவப்பா, பச்சையா?" வற்றல் அரைத்த குழம்பா, சுட்ட பச்சை மிளகாய்க் குழம்பா என்று அர்த்தம். இந்தக் கேள்வியை மாநிலத்தின் அதிகாரப்பூர்வக் கேள்வியாகவே 1996இல் சட்டசபையில் தீர்மானம் போட்டு அறிவித்திருக்கிறார்கள். ஒரு விளைபொருளுக்கு அரசாங்கம் இந்த அளவு மரியாதை கொடுத்து நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

இனி என் தோட்டம். பின்கட்டில் கார் நிறுத்தும் கொட்டகைக்கும் மதிலுக்கும் நடுவே உள்ள இடம்தான். தோண்டினால் முழங்கை ஆழத்தில் சுண்ணாம்பு இறுகிப் பாறையாகக் கிடக்கிறது. அதனால் பலகை அடித்து மேலே மண்ணும் மக்கிய உரமும் கொட்டி உயரப் பாத்தி கட்டியிருக்கிறேன். உயரப் பாத்தி கட்டுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆடி ஆவணி மழையில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகி, காலையில் பச்சையாக நின்ற செடி சாயங்காலம் துவண்டுவிடும். நம் ஊர் வாடல் மாதிரிதான். இந்த வேரழுகல் கிருமியை உலகத்திலேயே முதன்முதலாக அடையாளம் கண்டு எழுதியது இந்த ஊரில்தான், 1922இல்.

குளிர்காலத்தில் உறைபனி விழும். ஆகவே தை மாதமே வீட்டுக்குள் தட்டில் விதை போட்டு, அடியில் மின்சாரச் சூட்டுப்பாய் விரித்து, சித்திரை பிறந்த பிறகுதான் வெளியே நடுகிறேன். நீங்கள் மானாவாரியில் விதையைத் தூவிவிட்டு வானத்தைப் பார்ப்பீர்கள். இங்கே நாற்றைக் கைக்குழந்தையைப் போலத் தினம் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து உள்ளே எடுத்து வந்து பழக்க வேண்டியிருக்கிறது. பங்குனியில் அடிக்கும் புழுதிக்காற்றுக்கு இளந்தண்டு தாங்காது.

என்னென்ன வைத்திருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். பிக் ஜிம் என்று ஒன்று, காய் ஒரு அடி நீளம் வரைகூட வளரும். சாண்டியா, அதைவிடக் காரம். ஜலபேன்யோ, செர்ரானோ இரண்டும் மெக்சிகோக்காரர் வீட்டில் தினப்படி புழங்குபவை. ஹபனேரோ ஆரஞ்சு நிறத்தில் குட்டி விளக்குக் கூண்டு போலத் தொங்கும்; நறுக்கினால் பழவாசனை வரும், வாசனையை நம்பிக் கடித்தால் அவ்வளவுதான். பெரு நாட்டு அஹி அமரில்லோ இருக்கிறது. அதன் வெள்ளைப் பூவில் இதழுக்கு அடியில் மஞ்சள் புள்ளி வைத்திருக்கும், அதை வைத்தே இனத்தைச் சொல்லிவிடலாம். ரொகோட்டோ என்று ஆண்டீஸ் மலையில் விளைவது ஒன்று. பூ ஊதா, இலையில் மயிர், விதை எள்ளைப் போலக் கறுப்பு. மலைக்குளிர் கேட்கும் செடி, இந்த ஊர் வெயிலில் பூவெல்லாம் உதிர்த்துவிடும். தொட்டியில் வைத்து நிழலில் இழுத்து வைத்திருக்கிறேன்.

சில்டெபின் என்று காட்டு மிளகாய் ஒன்றும் உண்டு. மிளகை விடக் கொஞ்சம் பெரிய உருண்டை. வேலிப் பக்கம் தானாக முளைக்கும், பறவை போட்ட விதை. பறவைக்கு மிளகாயின் காரம் உறைப்பதே இல்லையாம். நமக்கும் ஆட்டுக்கும் எலிக்கும்தான் அது எரியும். நம் களத்து வற்றலைக் கிளி கொத்துவதைப் பார்த்து அப்பத்தா அதிசயப்படுவார், அதற்குக் காரணம் இதுதான்.

பூத் ஜோலோகியாவும் வைத்திருக்கிறேன். அசாம், நாகாலாந்து, மணிப்பூர்ப் பக்கத்து மிளகாய். அதை 2007இல் உலகிலேயே மிகக் காரமானது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏற்றினார்கள் அல்லவா, அதற்குச் சோதனை நடந்தது என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில். காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் பத்து லட்சம் தாண்டியது என்று கணக்குக் காட்டினார்கள். பிறகு அதைத் தாண்டி வேறு ரகங்கள் வந்துவிட்டன. நான் அதைச் சமையலில் போடுவதில்லை. ஒன்றைக் குறுக்கே பிளந்து பாருங்கள் என்று வருகிறவர்களுக்குக் காட்டுவேன்: விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில் மஞ்சளாகத் துளித்துளியாக எண்ணெய் மின்னும். காரம் முழுவதும் அங்கேதான். விதையில் காரமென்று நாம் நினைப்பது, நரம்பை ஒட்டியிருப்பதால் அதில் தடவிக்கொள்வதுதான்.

இந்த மாதம் நீங்கள் இங்கே இருந்திருக்க வேண்டும். கடைக்குக் கடை வாசலில் கம்பிவலைப் பீப்பாயைப் படுக்கவைத்து, கீழே எரிவாயு ஜுவாலையைத் திறந்து, மூட்டை மூட்டையாகப் பச்சை மிளகாயைக் கொட்டிச் சுற்றுகிறார்கள். தோல் வெடிக்கிற சத்தம் படபடவென்று கேட்கும். சாம்பலாகப் போன தோல் துண்டுகள் காற்றில் பறக்கும். கறுத்துச் சுருங்கியதும் சூட்டோடு பையில் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்கு வருவதற்குள் அந்தப் புழுக்கத்திலேயே தோல் கழன்றுவிடும். உரித்துப் பொட்டலம் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் அடுத்த ஆவணி வரைக்கும் வரும். ஊர் முழுவதும் ஒரே வாசனை. உங்கள் மாப்பிள்ளை சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போது சட்டையில் அந்த வாசனையோடு வருகிறார். பேத்தி சுட்ட மிளகாயைத் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறாள்.

இதெல்லாம் ஊர்க்கதை. உங்களிடம் சொல்ல வந்தது வேறு.

இங்கே ஃபேபியன் கார்சியா என்று ஒரு தோட்டக்கலை அறிஞர் இருந்தார். மெக்சிகோவில் பிறந்து சிறுவயதிலேயே இங்கு வந்தவர். விவசாயிகள் அவரவர் வீட்டில் வைத்திருந்த நாட்டு விதைகளை வாங்கி, ஆண்டுக்கணக்கில் தேர்ந்தெடுத்துத்தான் இன்றைக்கு நியூ மெக்சிகோ மிளகாய் என்று சொல்லும் வகையை உருவாக்கினார். ஆரம்பம் விவசாயி வீட்டு விதை.

அதே வரிசையில் 6-4 என்று ஒரு ரகத்தை 1950களில் வெளியிட்டார்கள். நல்ல பெயர் எடுத்தது, ஊரெல்லாம் போட்டார்கள். ஐம்பது ஆண்டு போனது. மிளகாயில் பழைய ருசி இல்லை, ஒரு செடியைப் போல மறுசெடி இல்லை என்று மக்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். விதை கை மாறி மாறி, வேறு ரகங்களோடு தேனீ மூலம் கலந்து, தரம் இறங்கிவிட்டது. கொலராடோவில் அரசாங்க விதைக் கிடங்கு இருக்கிறது. அதில் பழைய 6-4 விதையை உறைகுளிரில் வைத்திருந்தார்கள். அதை எடுத்து வந்து முளைக்கவைத்து, அதிலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கி, பழைய மணத்தோடு மறுபடி விவசாயிக்குக் கொடுத்தார்கள். அந்தக் கிடங்கில் விதை இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்?

நம் மேலச்செய் முண்டு விதை எந்தக் கிடங்கில் இருக்கிறது அப்பா? நம் வீட்டு உறியில் தொங்கும் பானையில்தான் இருக்கிறது. அப்பத்தா குண்டாக, தோல் தடித்து, காம்பு இறுகப் பிடித்திருக்கும் பழமாகப் பார்த்துப் பார்த்து ஒதுக்கிய விதை. ராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கொடுத்துவிட்டார்கள் என்பதால் விதை காப்பாற்றப்பட்டுவிடாது. அது பெயருக்குக் காவல். விதையை விவசாயிதான் வைத்திருக்க வேண்டும்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் எழுதவில்லை. ஆள் கூலியும் விலையும் இங்கேயும் இதே பாடுதான். 1992இல் இந்த மாநிலத்தில் 34,500 ஏக்கரில் மிளகாய் இருந்தது, இப்போது பத்தாயிரம் ஏக்கர்கூட இல்லை. பச்சை மிளகாயைப் பெரும்பாலும் கையால்தான் பறிக்கிறார்கள், ஆள் இல்லை. ஆகவே முழுச்செய்யிலும் முண்டு போடுங்கள் என்று நான் கேட்கமாட்டேன். சம்பா போடுங்கள், நாலு காசு பாருங்கள். கிணற்றடியில் ஒரு பாத்தி மட்டும் முண்டுக்கு விடுங்கள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். முண்டுக்குப் பக்கத்தில் சம்பா நின்றால் அந்த வருஷம் காயில் ஒன்றும் தெரியாது. முண்டு முண்டாகத்தான் இருக்கும். தேனீ மகரந்தத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் அதன் விதையில்தான் கலப்பு இருக்கும், மறு வருஷம் நீட்டும் குட்டையுமாகக் காய்க்கும். தூரமாகப் பிரித்து வைக்க நமக்கு இடமில்லை. நான் இத்தனை ரகத்தையும் நெருக்கியடித்து வைத்துக்கொண்டு விதையைத் தனியாகக் காப்பது இப்படித்தான்: நல்ல செடி நாலைந்தைத் தேர்ந்து, மொட்டு விரிவதற்கு முன் கிளையோடு மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டிவிடுவேன். கொசுவலைத் துணி போதும். மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே பிடித்துக்கொள்ளும், காலையில் கிளையை லேசாகத் தட்டிவிட்டால் சரி. பிஞ்சு பிடித்ததும் பையை அவிழ்த்து, அந்தக் காய்களின் காம்பில் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். பழுத்துச் சிவந்த பிறகு அதை மட்டும் தனியாகப் பறித்து விதை எடுக்க வேண்டும். இலை சுருண்ட செடியிலிருந்து விதை எடுக்க வேண்டாம். விதையை நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். பானை விதை இரண்டாம் வருஷமே முளைப்பு குறையும், இது பல வருஷம் வரும்.

எனக்கு அனுப்புவதாக உறையில் விதை போட்டுத் தபாலில் சேர்த்துவிடாதீர்கள். மிளகாய், தக்காளி விதைக்கு இங்கே நோய்ச் சான்று கேட்பார்கள், இல்லாவிட்டால் பறிமுதல்தான். விதை நம் வீட்டிலேயே இருக்கட்டும்.

மதினியிடம் வலைப்பை தைக்கச் சொல்லியிருக்கிறேன், அளவு அவருக்குத் தெரியும். மாசிக் கடைசியில் நாங்கள் வருகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கிணற்றடிப் பாத்தி விஷயத்தில் என்ன முடிவு என்று விதைப்புக்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அண்ணனிடம் சொல்லியனுப்ப வேண்டாம், நீங்களே எழுதுங்கள்.

அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் என் அன்பு.

உங்கள் மகள்