பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தால் ஆலோசகரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உளவியல் படித்தவர்களுக்கு இருக்கும் வேலைகள் பற்றி உங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையை அப்பா வெட்டி எடுத்து டிவி மேல் வைத்திருந்தார். நூறு பேருக்கு மேல் படிக்கிற கல்வி நிறுவனம் எதுவானாலும் ஓர் ஆலோசகரை வைத்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம், இனி பி.எஸ்சி. சைக்காலஜி முடித்தவர்கள் காட்டில் மழைதானாம். நான் அந்தப் படிப்பில் மூன்றாம் ஆண்டு. மழை எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது, அதனால்தான் இந்தக் கடிதம்.

விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி ஒருத்தியின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலையில் வந்த தீர்ப்பு அது. நூறோ அதற்கு மேலோ மாணவர்கள் இருந்தால் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவராவது வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. அவர் குழந்தைகள், வளரிளம் பருவத்தினரின் மனநலத்தில் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும் என்று அதே மூச்சில் சொல்லியிருக்கிறார்கள். நூறு பேர் இல்லாத இடங்கள் வெளியிலிருக்கும் மனநல வல்லுநர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் முன்பாதி மட்டும் வந்தது. பள்ளிக்கூடங்களும் முன்பாதியை மட்டும்தான் படிக்கின்றன.

கட்டுரை வந்த இரண்டாம் வாரம் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் அப்பாவுக்குப் போன் செய்தார். "உங்க பொண்ணு சைக்காலஜிதானே? பரீட்சை முடிஞ்சதும் அனுப்பி வைங்க." மாதம் ஒன்பதாயிரம். காலையில் லைப்ரரி பீரியட், மத்தியானம் கவுன்சலிங், எந்த டீச்சராவது லீவு போட்டால் அந்த வகுப்பும் என் தலையில். அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம். இத்தனை நாளாக என் படிப்பை அவரால் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. "பொண்ணு கவுன்சலிங் படிக்கிறா" என்றால், "இன்ஜினீயரிங் கவுன்சலிங்கா, எந்த காலேஜ் கிடைச்சுது?" என்றுதான் கேட்பார்கள். சைக்காலஜி என்று சொன்னாலோ, "நான் இப்ப என்ன நினைக்கிறேன், சொல்லு பாப்போம்" என்று பெரியப்பா முகத்தை முன்னால் நீட்டுவார்.

மூன்று வருடத்தில் உண்மையில் என்ன படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பொது உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், வகுப்பே பயந்து நடுங்கிய புள்ளியியல். ஆய்வகத்தில் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொல்லி, பென்சில் எத்தனை முறை கோட்டைத் தாண்டுகிறது என்று எண்ணினோம். முனையில் அம்புக்குறி போட்ட இரண்டு கோடுகளைக் காட்டி எது நீளம் என்று தோழியிடம் கேட்டு ரெக்கார்டு நோட்டில் எழுதினோம் (இரண்டும் ஒரே நீளம்தான்). குறை சொல்லவில்லை. கண்ணையும் ஞாபகத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது என்று எனக்குப் புரியவைத்த படிப்பு இது. ஆனால் கவுன்சலிங் என்பது இதில் ஒரே ஒரு பாடம். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் சொன்ன நிபந்தனையற்ற ஏற்பு, பரிவு, ஒளிவுமறைவின்மை மூன்றையும் மனப்பாடம் செய்தோம். செய்முறை என்றால் ஒருத்தி துக்கமாக நடிப்பாள், இன்னொருத்தி தலையாட்டிக் கேட்பாள், மற்ற எல்லோரும் சிரிப்போம்.

போன விடுமுறையில் முப்பது நாள் ஒரு பள்ளியில் பயிற்சி. அங்கேதான் சிரிப்பு நின்றது. முதல் வாரமே ஒரு பையனிடம், ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் இருந்த கேள்வியை மனதுக்குள் மொழிபெயர்த்து, "அது உன்னை எப்படி உணர வைத்தது?" என்று கேட்டேன். "என்னக்கா?" என்றான். "அப்ப மனசுக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டிருந்தால் போதும். எங்கள் அம்மாச்சி அப்படித்தான் கேட்பாள். "ஒரு மாதிரியா இருக்கு" என்று பிள்ளைகள் சொல்கிறார்களே, அதற்குள் பயம் இருக்கிறதா, வெட்கமா, இல்லை காலையில் சாப்பிடாத பசியா என்று பிரித்துப் பார்க்க எந்த செமஸ்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மூன்றாம் வாரம் ஒரு சிறுமி வந்தாள். ஊரும் வகுப்பும் எழுத மாட்டேன். "அக்கா, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க, அப்பதான் சொல்வேன்" என்றாள். ரகசியம் காப்பது ஆலோசகரின் முதல் கடமை என்று பரீட்சையில் எழுதி ஐந்து மதிப்பெண் வாங்கியவள் நான். சத்தியம் செய்துவிட்டேன். அவள் சொல்லி முடித்தபோது என் கை ஜில்லிட்டுப் போயிருந்தது. என்ன சொன்னாள் என்பதற்கு இங்கே இடமில்லை. அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். 18 வயது நிரம்பாத குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடக்கிறது என்று தெரியவந்தால், தெரிந்தவர் யாராக இருந்தாலும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. ரகசியத்துக்கு எல்லை இருக்கிறது என்பதே தெரியாமல் ஒரு குழந்தைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நல்லவேளை, எனக்கு மேலே ஒருவர் இருந்தார். முதுகலை முடித்துப் பல வருடம் பிள்ளைகளோடு வேலை பார்த்த அனுபவசாலி. திட்டவில்லை. "'உனக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா நான் சொல்லித்தான் ஆகணும்'னு முதல்லயே சொல்லிடணும்மா. அதுக்கப்புறமும் பிள்ளைங்க பேசும்" என்றார். அந்தச் சிறுமியிடம் அவரே போய்ப் பேசினார், செய்ய வேண்டியதைச் செய்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொண்டது எனக்கு ஒரு வருடப் பாடத்துக்குச் சமம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை எழுதும்போது, பி.எஸ்சி. என்பது பாதி வழி என்று சேர்த்து எழுதுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று பலகை மாட்ட இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும், அதற்கு இந்த மூன்று வருடம் போதாது. உளவியலை இனித் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி 2025இல் நிறுத்தியது. தபாலில் படித்து வராது என்று அரசுக்கே தெரிந்த வேலையை, நேரில் படித்தாலும் அரைகுறையாகத் தெரிந்த எங்களிடம் ஏன் கொடுக்கிறார்கள்? எங்களுக்கும் வேலை இருக்கிறது. காது கொடுத்துக் கேட்கலாம், பெரியவர்கள் யாரிடம் போகவேண்டும் என்று சொல்லலாம், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை ஒவ்வொரு வகுப்பிலும் எழுதிப் போடலாம். தேர்ந்த ஒருவருக்குக் கீழே உதவியாளராக வைத்தால் ஒன்பதாயிரத்துக்கே ஓடிப் போவேன்.

தாளாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. அந்த வேலையில் இப்போது என் சீனியர் சேர்ந்திருக்கிறாள், அவளும் பி.எஸ்சி.தான். போன வியாழக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குப் போன் செய்து, எனக்குப் பயிற்சி கொடுத்த அந்த அம்மாவின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
இளநிலை உளவியல் மூன்றாம் ஆண்டு மாணவி,
கோவில்பட்டி.
(பெயர் போட வேண்டாம். தாளாளரும் உங்கள் வாசகர்தான்.)